ரப்பர் பந்து வைத்த பிரேக்

எங்கள் வீட்டுத் தையல் மிஷினில் அம்மா தைத்ததைவிட நான் ஓட்டிய கிலோமீட்டர்தான் அதிகம். ஊரடங்கில் பழைய ஸ்டீயரிங் செட் ஒன்றை வாங்கி, மிஷின் பலகையில் இறுக்கி, கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டினேன். பெடல் மொசைக் தரையில் வழுக்கியது; அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்தேன். பிரேக் காற்றை மிதிப்பதுபோல் இருந்தது. அடியில் ரப்பர் பந்தைத் திணித்ததும் நிஜ வண்டி மாதிரி எதிர்த்து நின்றது. நாற்காலி குலுங்காது என்பதால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றப் பழகினேன்.

"எம்பொண்ணு சந்தியா பொம்ம வண்டி ஓட்டிக்கினு இருக்கா" என்று அப்பா தங்கதுரை கள்ளக்குறிச்சி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். என்னிடம் லைசென்ஸ் இருந்தது. எங்கள் பிக்கப் வண்டியின் சாவி மட்டும் அவர் சட்டைப்பையிலிருந்து என் கைக்கு இறங்கியதில்லை. எனக்கு அதில் தீராத வயிற்றெரிச்சல்.

அந்த டிசம்பரில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்தது. எங்கள் வண்டியை ஓட்டும் டிரைவர் சரத்குமார் கொடியோடு சென்னைக்குப் போய்விட்டான். அப்பாவுக்கு வலது கையில் மாவுக்கட்டு. மலைமேல் வெள்ளிமலையில் விவசாயி செல்லன், கீழே ஜவ்வரிசி ஆலைக்கு வர வேண்டிய மரவள்ளிக்கிழங்கைப் பிடுங்கிக் குவித்துவிட்டுக் காத்திருந்தார். பிடுங்கிய கிழங்கு ரெண்டு நாளுக்கு மேல் தாங்காது. வேறு வழியில்லாமல்தான் சாவி என் கைக்கு வந்தது.

"ஒரு கீறல் உழுந்துதுன்னா இந்தச் சாவிய நீ அப்புறம் கண்ணால பாக்க மாட்ட" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் ஏறினார்.

காலி வண்டியில் மலை ஏறியபோது தெரியவில்லை. மூட்டைகளோடு இறங்கும்போதுதான் கம்ப்யூட்டர் எதையெல்லாம் மறைத்தது என்று புரிந்தது. பாரம் முதுகைப் பிடித்துத் தள்ளியது. திரையில் மோதினால் ஒரு பட்டனில் மறுபடி தொடங்கலாம். இங்கே ஓரத்தில் பள்ளம். ஆனாலும் பிரேக் என் காலுக்குப் பழக்கமாக இருந்தது. சத்தம் ஏறும்போதே வேகத்தைக் கணித்து ரெண்டாவது கியருக்கு இறக்கினேன்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி ஏறி வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. நான் பின்னால் போக வேண்டும். ரேஸில் யார் ரிவர்ஸ் எடுக்கிறார்கள்? ரிவர்ஸ் கியரைப் போட்டு, முன் கண்ணாடியையே முறைத்துக்கொண்டு கிளட்சை விட்டேன். வண்டி உதறி நின்றது. கருகல் வாசனை வந்தது.

"இன்னாடி, டிவியா பாக்கற? தலய திருப்பு" என்றார் அப்பா.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கம்ப்யூட்டரில் ஒன்பது மாதம் ஓட்டியதில் ஒருநாளும் நான் தலையைத் திருப்பியதில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்து வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தேன். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பின்சக்கரத்தையும் பாறையையும் பார்த்தேன். கிளட்சை மெல்ல விட, எஞ்சின் சத்தம் தாழ்கிற இடத்தைக் காது பிடித்துக்கொடுத்தது. காலை அங்கேயே நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். பாரத்தோடு வண்டி சாண் சாணாக மேலே பின்வாங்கியது. லாரிக்காரர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

ஜவ்வரிசி ஆலையில் அப்பா வண்டியை ரெண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். ஒரு கீறலும் கிடைக்கவில்லை. நான் சாவியை நீட்டினேன். அந்த நேரம் பார்த்துச் சரத்குமார் போன் செய்தான். மறுநாள் காலையில் வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னான்.

"நீ போராட்டத்த முடிச்சிக்கினு மெதுவா வாப்பா. மலைக்கு எங்க வூட்டு டிரைவர் போவுது" என்றார் அப்பா, மாவுக்கட்டுக் கையால் சாவியை என் பக்கமே தள்ளிக்கொண்டு.