வலது மூலையில் ஒரு பெயர்

ஆன்ட்வெர்ப்பில் கோமார் முதலாளி வெளியிட்ட படங்களில் இருக்கும் பெயரெல்லாம் யோசினா வெட்டியவைதான். இடது மூலையில் வரைந்த ஓவியர், வலது மூலையில் அதைச் செம்பில் செதுக்கியவர், நடுவில் கொட்டை எழுத்தில் கோமார். எழுத்து வெட்டுகிறவளுக்கு மூலையும் கிடையாது, முடுக்கும் கிடையாது. செப்புத் தகட்டில் இடம் வலம் மாற்றி வெட்டினால்தான் தாளில் நேராக விழும். இருபது வருஷமாக ஊரார் பெயரை அப்படித் திருப்பித் திருப்பி வெட்டியவளுக்குத் தன் பெயரையும் ஒரே ஒரு தடவை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று அப்படியொரு ஏக்கம்.

படம் செதுக்கும் அட்ரியான் மகா கர்வி. தொழிற்சங்க விருந்தில் ஓவியர்களோடு ஒரே மேஜையில் உட்காருகிற ஆளாயிற்றே! இவளைக் கண்டால், "என்ன, எழுத்துக்காரி" என்பதோடு சரி. அந்த மனுஷன் ஒரு கப்பல் படத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். சந்தை நெருங்கிவிட்டது, வேறு ஆளில்லை. கடல் முழுவதையும் யோசினாதான் செதுக்கி முடித்தாள்.

"வலது மூலையில யார் பேரு முதலாளி?"

"அட்ரியான் பேருதான். வேற யாரு?"

"கடல் என்னோடது."

கோமார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அடேங்கப்பா! எழுத்துக்காரிக்கு வந்த ஆசையைப் பாரு! சரி, போட்டுத் தொலை. அவன் பேருக்குக் கீழே, பொடியா."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. உளியை எடுத்து ஒரே மூச்சில் வெட்டி முடித்தாள்.

அச்சிலிருந்து முதல் தாளை உரித்தார்கள். ஓவியர் பெயர் நேராக இருந்தது. அட்ரியானும் கோமாரும் நேராக இருந்தார்கள். யோசினா மட்டும் திரும்பிக் கிடந்தாள். ஊரார் பெயர்தான் அந்தக் கைக்குச் செம்பில் பழக்கம். சொந்தப் பெயரைப் பேனாவால் தாளில் எழுதியதைத் தவிர வேறு என்ன கண்டது? அதே பழக்கத்தில் தகட்டிலும் நேராகவே வெட்டிவிட்டது.

கோமார் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆண்டவனுக்கே இஷ்டமில்ல, பாத்தியா? தேய்ச்சு அழிச்சிடு. இனிமே அந்தப் பேச்சே வேண்டாம்."

"அழிக்க மாட்டேன் முதலாளி. அப்படியே அச்சு ஓட்டுங்க."

"பைத்தியமா உனக்கு? பாக்குறவன் எல்லாம் சிரிப்பான்மா!"

"சிரிக்கட்டும்," என்றாள் யோசினா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சிரிக்கணும்னா மொதல்ல என் பேரைப் படிச்சாகணும்ல?"