நாலு டிக்கெட்

ஜோவிட்டா குதிகாலைத் தூக்கிக்கொண்டே நின்றாள். சமையலறைக் கதவோரம் அவளை நிற்கவைத்து, தலைமேல் ஸ்கேலைப் படுக்கவைத்து அண்ணன் டிரேவர் கோடு போடப் போகும்போதெல்லாம் ஒரு விரற்கடை உயர்ந்துவிடுவாள். "ஏமாத்தறா அத்தம்மா, காலைப் புடிங்க" என்று டிரேவர் கத்தினான். ஆஞ்சலா குனிந்து அந்தச் சின்னப் பாதங்கள் இரண்டையும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தையல் டேப்பில் நூற்று இரண்டு சென்டிமீட்டர் வந்தது. டிரேவர் அதை நோட்பேடில் எழுதினான். அதன் ஒவ்வொரு தாளின் தலையிலும் ஏதோ வயிற்றுப்புண் மாத்திரையின் பெயர் அச்சாகியிருந்தது. ஆஞ்சலா வேலை செய்யும் மருந்துக்கடைக்குக் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போவது.

ஊருக்கு வெளியே, பிடதிப் பக்கம், ரைடுகளும் தண்ணீர் விளையாட்டும் உள்ள அந்தப் பார்க்குக்குப் போவதென்று கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்பே முடிவாகியிருந்தது. டிரேவரின் வகுப்பில் பாதிப் பேர் போய்வந்துவிட்டார்கள். அவனும் போய்விட்டு வந்ததாக ஒருநாள் சொல்லி, எந்த ரைடில் ஏறினாய் என்று கேட்டதும் மாட்டிக்கொண்டான். அன்று மாலை ஸ்கூல் பையைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துத்தான் ஆஞ்சலா வாக்குக் கொடுத்தாள். கோலாரில், தங்கவயலில், அவள் சிறுமியாக இருந்தபோது சுற்றுலா என்றால் வருஷத்துக்கு ஒருதரம் பேத்தமங்கலம் ஏரிக்கரையில் புளிசாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதுதான். பார்க்கைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் கடையில் ஆள் வராத மத்தியான நேரங்களில் பார்க்குக்குப் போன் போட்டுப் போட்டுக் கேட்டாள். எவ்வளவு உயரம் இருந்தால் எந்த ரைடு, வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவார்களா, தண்ணீரில் இறங்க என்ன துணி போடவேண்டும். நைலான் துணிதான் என்றதும் கம்மனஹள்ளிக் கடைத்தெருவுக்குப் போய்த் தனக்கும் ஒரு முழுக்கை நீல பனியனும் பேன்ட்டும் வாங்கிவந்தாள். போட்டுக் காட்டியபோது டிரேவர் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தான். நாற்பத்தைந்து வயதில் அவள் புடவையும் சுடிதாரும் தவிர வேறொன்றும் உடுத்தியதில்லை.

இரண்டும் அவள் தம்பி கில்பர்ட்டின் பிள்ளைகள். அவன் மனைவி பிரிசில்லா கொரோனா இரண்டாம் அலையில் போனபோது டிரேவருக்கு நாலு வயது, ஜோவிட்டாவுக்கு ஐந்து மாதம். கில்பர்ட்டுக்கு அத்திப்பள்ளி பக்கம் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. ஆனேக்கல்லில் ரூம் எடுத்துத் தங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் லிங்கராஜபுரத்தில் அக்கா வீட்டுக்கு வருவான். கல்யாணமே ஆகாத ஆஞ்சலா பால் புட்டியை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்பதைக் கீழ்வீட்டு ஓனரம்மாவிடம் கற்றுக்கொண்டாள். ஜோவிட்டா பேசத் தொடங்கியபோது அம்மா என்றுதான் கூப்பிட்டாள். "அத்தைன்னு சொல்லு" என்று ஆஞ்சலா ஒவ்வொரு முறையும் திருத்தினாள். குழந்தை இரண்டையும் சேர்த்து அத்தம்மா ஆக்கிவிட்டது. அண்ணனும் அதையே பிடித்துக்கொண்டான்.

போன ஜனவரியில் கில்பர்ட் மறுபடி கல்யாணம் பண்ணிக்கொண்டான். பெண் பார்த்ததே ஆஞ்சலாதான். சிந்தியா, முப்பத்துமூன்று வயது, கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. ஆனேக்கல்லில் வீடு பிடித்தாகிவிட்டது. ஜூன் மாதம் பிள்ளைகள் அங்கேயே ஸ்கூலில் சேர்வார்கள். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

உயரம் அளந்த அந்த ஞாயிற்றுக்கிழமை கில்பர்ட் மட்டும்தான் வந்தான். சாப்பிட்டு முடித்ததும், "அக்கா, வெளியே வா" என்று மாடிப்படித் திருப்பத்துக்கு அவளைக் கூப்பிட்டான்.

"டிக்கெட் போட்டுட்டேன்க்கா. சொன்னபடியே பதினேழாந்தேதி, சனிக்கெழமை."

"அஞ்சும் ஒண்ணா கெடச்சுதா?"

அவன் படிக்கட்டுக் கம்பியில் உரிந்திருந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டினான். "நாலு" என்றான்.

அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் கையை இறக்கினாள்.

"பசங்க சிந்தியாகிட்ட ஒட்டவே இல்லக்கா. நாலு மாசமாச்சு. அவ வந்தாலே ஜோவி உன் பின்னால போயி நின்னுக்கறா. இன்னும் ஆன்ட்டின்னுதான் கூப்பிடறாங்க. ஜூன்ல இவங்க அங்க வந்தா சிந்தியா என்னா பண்ணுவா? ஒரு நாள் முழுக்க எங்ககூட இருந்தா கொஞ்சம் பழகுவாங்கன்னு... நீ வந்தா உன்னத்தான் புடிச்சுக்குவாங்க. தப்பா எடுத்துக்காத."

"இதுல தப்பா எடுத்துக்க என்னா இருக்கு? நல்லதுதானே" என்றாள் ஆஞ்சலா. அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தம்பி சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்க மாட்டாமல் கீழே தெருவில் தள்ளுவண்டிக்காரர் மாம்பழங்களைத் துடைத்து அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சிந்தியாவுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நீ ஸ்வல்ப சொல்லிக் குடு."

புதன்கிழமை சிந்தியா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தாள். பிள்ளைகள் கீழ்வீட்டில் விளையாடப் போயிருந்தார்கள். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்து வைத்துக்கொண்டாள். பரீட்சை எழுத வந்த பெண்போல இருந்தாள். ஆஞ்சலா நோட்பேடை அவளிடமே கொடுத்துவிட்டாள்.

"ஜோவிக்கு காலையில பால் குடுக்காத. ஒரு இட்லி போதும். கார்ல சைடு ஜன்னல் வழியா பாத்தா வாந்தி எடுப்பா. நடுவுல உக்கார வெச்சு முன்னாடி பாக்கச் சொல்லு. தண்ணியில எறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு காதுலயும் பஞ்சு. டிரேவர் இருக்கானே, பயமா இருக்குன்னு சொல்லவே மாட்டான். பசிக்குதும்பான். கியூவுல நிக்கறப்ப பசிக்குதுன்னா அந்த ரைடு வேணாம்னு அர்த்தம். ஏன்னு கேக்காத. சாப்பிடக் கூட்டிட்டுப் போயிரு."

சிந்தியா எல்லாவற்றையும் எழுதினாள். 'பசி = பயம்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். பிறகு பேனாவை உருட்டிக்கொண்டே, "அழுதா என்னா பண்ணணும் அண்ணி?" என்று கேட்டாள். "அன்னிக்கி ஆனேக்கல் வந்தப்ப ஒரு மணி நேரம் அழுதா. என்னா பண்ணியும் நிக்கல. அவரு நீங்க ஏதோ பண்ணுவீங்கன்னு சொன்னாரு, என்னான்னு அவருக்கும் தெரியல."

ஆஞ்சலாவுக்குத் தெரியும். ஜோவிட்டா அழுகையில் இறங்கிவிட்டால் தூக்கக் கூடாது. தூக்கினால் விறைத்துக்கொண்டு இன்னும் கத்துவாள். மிட்டாய், பொம்மை எதுவும் செல்லாது. அவளெதிரில் தரையில் உட்கார்ந்து, அவளைவிடத் தாழ்வாகத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அவளே கிட்டே வந்து தலையில் கைவைத்துத் தடவிக் கொடுப்பாள். தடவத் தொடங்கினால் அழுகை போய்விடும். யாரும் கற்றுக்கொடுத்து வந்ததில்லை அது. பிரிசில்லாவின் இரண்டாம் வருஷப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த நாள், குழந்தைக்குக் காய்ச்சல், டிரேவர் அம்மாவின் படத்தை இறக்கி வைத்துக்கொண்டு தர மாட்டேனென்கிறான், காஸ் தீர்ந்துவிட்டது. ஆஞ்சலா சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். வீறிட்டுக்கொண்டிருந்த ஜோவிட்டா நிறுத்தினாள். தத்தித் தத்தி வந்து அவள் தலையைத் தட்டி, "அயாத, அயாத" என்றாள். அன்றுதான் இந்தக் குழந்தைக்குத் தான் யாரென்று ஆஞ்சலா நிச்சயமாக அறிந்தாள்.

"தூக்கி வெச்சுக்கோ" என்றாள் சிந்தியாவிடம். "கொஞ்ச நேரத்துல நிறுத்திருவா."

சிந்தியா அதையும் எழுதிக்கொண்டாள்.

கிளம்பும்போது, "தண்ணில போடற மாதிரி ட்ரெஸ் எங்கிட்ட இல்ல அண்ணி, எங்க வாங்கறது?" என்று கேட்டாள். ஆஞ்சலா பீரோவைத் திறந்து அந்த நீலப் பனியனையும் பேன்ட்டையும் எடுத்துக் கொடுத்தாள். விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சிந்தியா அதைப் பார்த்தாள், பிறகு ஆஞ்சலாவைப் பார்த்தாள். விஷயம் புரிந்து முகம் சிவந்துபோய், "வேணாம் அண்ணி" என்றாள். "எடுத்துக்கோ. எனக்கு எதுக்கு இனிமே" என்று ஆஞ்சலா அதை அவள் பைக்குள் திணித்தாள். பிள்ளையைத் தவிர வேறெதைக் கேட்டிருந்தாலும் அன்று எடுத்துக் கொடுத்திருப்பாள்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு வாடகைக் கார் வந்தது. ஜோவிட்டா புதுத் தொப்பியோடு காரில் ஏறி உட்கார்ந்தவள், ஜன்னல் வழியே பார்த்து, "அத்தம்மா, நீ சப்பல் போடல?" என்று கேட்டாள்.

"கடையில லீவு குடுக்கல கண்ணு. நீ போயிட்டு வந்து சொல்லு."

அவளுடைய லீவைக் காலண்டரில் வட்டம் போட்டுக் குறித்தவன் டிரேவர்தான். கார் திரும்பும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கை காட்டவில்லை.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கடைக்குப் போய்விட்டாள். "லீவு கேட்டிருந்தீங்களே?" என்றார் முதலாளி அனந்தபத்மநாபன். "கேன்சல் சார்" என்றாள். வந்திருந்த சரக்குப் பெட்டிகளைப் பிரித்தாள். காலாவதித் தேதி பார்த்து அடுக்கினாள். பதினோரு மணிக்கு, இப்போது தண்ணீரில் இறங்கியிருப்பார்கள் என்று நினைத்தாள். முதலாளி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனபின் பெரியவர் ஒருவர் சீட்டை நீட்டினார். பிரஷர் மாத்திரை, முப்பது. அட்டையை எடுத்து நறுக்கப் போகும்போது போன் அடித்தது.

குரல் வருவதற்கு முன்பே அழுகை வந்தது. ஆயிரம் பிள்ளைகள் கத்தும் சத்தத்துக்கு நடுவிலும் அவளுக்கு அது தெரிந்தது. முதலில் அவளுக்கு வந்தது பதற்றமில்லை. உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் இல்லாமல் முடியாது, பார்த்தாயா. அடுத்த கணமே அவளுக்கு உடம்பு கூசிப்போனது.

"அண்ணி, இங்க அலை விடற கொளத்துல மூக்குல தண்ணி ஏறிருச்சு. அதுலேர்ந்து அழறா" என்றாள் சிந்தியா. மூச்சு வாங்கியது. "அவரு டிரேவரோட ரைடுக்குப் போயிட்டாரு, போன் லாக்கர்ல இருக்கு. நீங்க தூக்கி வெச்சுக்கச் சொன்னீங்க. தூக்கினா வெறைச்சுக்கறா அண்ணி, கீழ விழுந்துருவா போல இருக்கு. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. ஒரு அம்மா வந்து ஜோவிகிட்ட, இவங்க உனக்கு யாருன்னு கேக்கறாங்க."

"அவ என்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. உங்களத்தான் கூப்பிடறா." சிந்தியாவின் குரல் உடைந்தது. "அவகிட்ட போனக் குடுக்கட்டுமா?"

கொடுத்தால் போதும். ஜோவிம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடும். இன்றும் நிற்கும், நாளையும் நிற்கும், ஜூனில் ஆனேக்கல்லிலிருந்து கூப்பிட்டாலும் நிற்கும். ஆஞ்சலா கத்தரியைக் கவுன்ட்டர் கண்ணாடிமேல் வைத்தாள்.

"வேணாம்" என்றாள். "அவளக் கீழ எறக்கி விடு."

"ஓடிருவா அண்ணி."

"ஓட மாட்டா. எறக்கி விட்டுட்டு நீ கீழ உக்காரு."

"எங்க?"

"அங்கியேதான். தரையில."

"தண்ணியா இருக்கு. ஜனங்கல்லாம்..."

"இருக்கட்டும். பாக்கறவங்க பாக்கட்டும். அவளத் தொடாத. ஒண்ணும் பேசாத. தலையக் குனிஞ்சுக்கோ. அவளவிடக் கீழ இருக்கணும் உன் தலை. அப்புறம் சும்மா இரு."

போன் எங்கோ இடிபட்டது. தண்ணீர் சளக்கென்றது. சிந்தியா உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. அழுகை அதே உச்சத்தில் நின்றது. யாரோ கன்னடத்தில் ஏதோ கேட்டார்கள். இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தமும் இருந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் ஒரு பெரிய மனுஷி விசும்பும் சத்தம். அதைச் செய்யும்படி ஆஞ்சலா சொல்லியிருக்கவில்லை.

அழுகை ஒருமுறை விக்கி நின்றது. மறுபடி தொடங்கியது. மறுபடி விக்கியது. அப்புறம் அது காணாமல் போய்விட்டது.

"மாத்திரெ இல்வாம்மா?" என்று பெரியவர் கன்னடத்தில் கேட்டார்.

"இதெ சார், ஒந்து நிமிஷ" என்றாள், இருக்கிறது, ஒரு நிமிஷம் என்று அவளும் கன்னடத்திலேயே. கையை எடுத்து அட்டைமேல் வைத்தாள். நறுக்கவில்லை.

பார்க்கில் அடுத்த அலைக்குச் சைரன் ஊதினார்கள். ஓவென்று கூட்டம் கத்திக்கொண்டே ஓடியது. அந்த ஓசையெல்லாம் தாண்டி, போனுக்கு மிக அருகில், மூக்கு அடைத்த சின்னக் குரல் ஒன்று யாரிடமோ அழாதே அழாதே என்று சொல்லிக்கொண்டிருந்தது. போனைத் துண்டிக்க அங்கே யாருக்கும் நினைவில்லை. ஆஞ்சலா காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். கவுன்ட்டர் ஓரம் பெரியவர் கைத்தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, அவசரமில்லை என்பதுபோலத் தெருவைப் பார்த்தார்.