மலை இறங்கி வந்த மண்

“நகத்தையும் பாருங்க மகன்,” என்றார் அபூதாஹிர். ஊரில் இறந்தவரின் உடலை, மையித்தை, குளிப்பாட்டுகிறவர் அவர்தான்.

ரிஷாத் தன் வாப்பாவின் விரல்களைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினான். நகக்கண்ணில் கறுப்புச் சேறு. தேய்த்தான். போகவில்லை.

“கடல் சேறு இப்படிக் கறுக்காதே,” என்றார் அபூதாஹிர்.

“ஆத்துச் சேறு,” என்றார் துணியைப் பிடித்திருந்த முனாப் மாமா. “மலை எரிஞ்ச சாம்பலும் மண்ணும் மழைக்கு வழிஞ்சு வந்து, முகத்துவாரத்தில திட்டாக் கிடக்கு. நெருப்பு வெச்சவன் மட்டும் என்ட கையில ஆப்பிடட்டும்.”

“மையித்துக்குப் பக்கத்தில நிண்டு ஏசாதீங்க,” என்றார் அபூதாஹிர்.

ரிஷாத் அடுத்த கோப்பைத் தண்ணீரை மொண்டான்.

ஓகஸ்ட் வெயிலில் அந்த மலைச் சரிவுக்குப் போனவன் அவன்தான். காய்ந்த புல்லை எரித்தால் முதல் மழைக்குத் தளிர் வரும், மாடுகள் தேறும் என்று நினைத்தான். காற்று மாறியது. மலை நாலு நாள் எரிந்தது. பிடித்து வைக்க வேர் இல்லாத மண், மாரி பிறந்ததும் ஆற்றுக்குள் இறங்கியது. நாற்பது வருடமாக வாப்பா லாபிர் கண்ணை மூடிக்கொண்டு தோணி விட்ட வழி அந்த முகத்துவாரம். நேற்று விடியற்காலை தோணி திட்டில் ஏறிப் புரண்டது.

மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கும் முன் உம்மா பஹ்மியா அவனைக் கூப்பிட்டார்.

“கண் மங்கின மனிசன், தோணி விடுறத நிப்பாட்டியிருக்கோணும் எண்டு ஆக்கள் கதைக்கிறாங்க. உங்கட வாப்பாவுக்கா, மகன், வழி தெரியாது?”

அவன் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

பள்ளிவாசலில் தொழுகைக்கு முன், வழக்கப்படி மூத்த மகனாக ரிஷாத் சனத்தைப் பார்த்து நின்றான்.

“என்ட வாப்பா ஆருக்கும் பிழை செஞ்சிருந்தா பொறுத்துக்கொள்ளுங்க.”

“பொறுத்திட்டம்,” என்றது பள்ளி, ஒரே குரலில்.

முனாப் மாமா அவன் கையைத் தொட்டார். “சரி, வா.”

அவன் அசையவில்லை.

“வாப்பா வழி தவறயில்ல. மலைக்கு நெருப்பு வெச்சது நான்.”

பொறுத்திட்டம் என்று யாரும் சொல்லவில்லை.

இமாம் தொண்டையைச் செருமினார். “வரிசையச் சரி செய்யுங்க. தோளோட தோள்.”

முன்வரிசையில் முனாப் மாமாவுக்குப் பக்கத்தில் போய் நின்றான் ரிஷாத். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது.

இமாம் இன்னொரு தடவை சொன்னார். நிரம்பாத அந்த இடத்தைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு திரும்பித் தொழுகையைத் தொடங்கக் கைகளை உயர்த்தினார்.