நீர்க்கோட்டுக்கு மேலே

மூன்று வருடமாக அவளுடைய கப்பல் ஒருமுறைகூட மூழ்கவில்லை.

பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பொறுக்காத கை. அந்தக் கையால் எட்டு மாதம் மெல்லிய மரத்தகடுகளை ஒட்டி ஒரு மீட்டர் நீளப் போர்க்கப்பலைக் கட்டியிருந்தாள். ரிமோட்டில் ஓடும், திரும்பும், கேஸ் அழுத்தத்தில் சின்ன இரும்புக் குண்டுகளைச் சுடும். எதிரியின் குண்டு பக்கத்தைத் துளைத்தால், உள்ளே ஏறும் தண்ணீரை ஒரு பம்ப் வெளியேற்றும். பம்ப் திணறினால் கப்பல் காலி.

மாதம் ஒரு ஞாயிறு, தொழிற்பேட்டைக்குப் பின்னாலிருந்த குட்டையில் மாதிரிக் கப்பல் மன்றத்துக்காரர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து மோதுவார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் எப்போதும் எதிரணி. முதல் சண்டையில் அவள் கப்பல் மூழ்கியபோது கரையில் உட்கார்ந்து எல்லார் முன்னாலும் அழுதுவிட்டாள். அதன்பிறகு யாராலும் அதை மூழ்கடிக்க முடியவில்லை. ‘மூழ்காத மேடம்’ என்று பெயரே வந்துவிட்டது. கூட வேலை பார்ப்பவர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுக்கவே இல்லை.

அன்று எதிரணியில் ஒரு லாரி டிரைவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். விசில் ஊதிய நாலாவது நிமிடம் அவருடைய சின்னக் கப்பல் அவளுடையதை உரசுகிற மாதிரி வந்து படபடவென்று சுட்டது. பம்ப் பீய்ச்சி அடித்துப் பார்த்தது. பின்பக்கம் தாழ்ந்து, கொடிமரம் மட்டும் மிஞ்சி, பிறகு அதுவும் போயிற்று.

அவளுக்குக் கோபம் வரவில்லை. நல்ல அடி. கைகொடுக்கத்தான் போனாள். அங்கே மன்றச் செயலாளர் டிரைவரைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“மேடம் கப்பலைத் தண்ணிக்குக் கீழ அடிக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட யாரும் சொல்லலையா?”

“அது என்ன சார் தனிச் சட்டம்?”

“அவங்க வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டாரு. மூணு வருஷமா நாங்க எல்லாரும் மேலதான் அடிக்கிறோம்.”

மாதாமாதம் ஓட்டைகளை அடைத்தது அவள்தான். எல்லாம் நீர்க்கோட்டுக்கு, தண்ணீர் பக்கத்தைத் தொடுகிற இடத்துக்கு, மேலேதான் இருக்கும். தான் ஓட்டுகிற லாவகம் அப்படி என்று நினைத்திருந்தாள்.

கணவர் அவள் கப்பலைத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கி வந்தார்.

“எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அப்படித்தானே?”

“அன்னிக்கு நீ அழுததைப் பாக்க முடியலம்மா. அதான்…”

“அழுதேன். அடுத்த நாளே ஓட்டையை அடைக்க உக்காந்தேனே, அது கண்ணுல படலையா? இத்தனை பேர் முன்னாடி என்னைக் கோமாளி ஆக்கிட்டீங்க.”

அவர் கப்பலைக் கரையில் இறக்கி வைத்தார்.

“அடுத்த ரவுண்டு உங்க கப்பலும் என் கப்பலும் மட்டும். நிஜமா அடிங்க.”

“சரி.”

ஓட்டைகளை அடைத்து இறக்கினாள். அவர் நிஜமாகவே சுட்டார். இரண்டு குண்டுகள் நீர்க்கோட்டுக்குக் கீழே பாய்ந்தன. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சுற்றி வளைத்துத் திருப்பிச் சுட்டாள். பத்தே நிமிடத்தில் அவர் கப்பல் மூழ்கியது. கரையில் கைதட்டல். அந்த ஒரு கணம், தானே ஜெயித்ததாக அவள் நம்பினாள்.

ரப்பர் பூட்ஸோடு இறங்கி அவளே அதைத் தூக்கினாள். மேல்மூடியைத் திறந்தாள். பம்ப்பின் வயர் தானாகக் கழன்று விழுந்திருக்கவில்லை; யாரோ கழற்றி, முனையில் டேப் சுற்றி ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள்.

யாரிடமும் காட்டாமல் கப்பலை அவர் கையில் கொடுத்து அந்த வயரைத் தொட்டுக் காட்டினாள்.

“ஜெயிச்சா உன் கோபம் போயிடும்னு நெனச்சேன்,” என்றார் அவர்.

தன் கப்பலை மடியில் வைத்துக்கொண்டு அவள் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த மாதம் நகரத்தின் மறுகோடியிலிருந்த வேறொரு மன்றத்தில் சேர்ந்தாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. முதல் நாள் மூழ்கினாள். இரண்டாவது முறையும் மூழ்கினாள்.

“இன்னிக்கு எப்படிம்மா?” என்று கணவர் கதவருகே நின்று கேட்டார்.

“மூழ்கிடுச்சு.”

“நான் வேணா வந்து…”

“வேண்டாம். நீங்க அங்க வராதீங்க.”

பசையையும் மரத்தகட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அதுவரை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கப்பல் வேலை பார்த்த மேஜையில் இப்போது அவர் மட்டும்தான் உட்காருகிறார்.