சாலைக்கு அந்தப் பக்கம் அத்தா

1

இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகிற பஸ். என் பக்கத்து இருக்கையில் ஒருவர் தலையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார். முகக்கண்ணாடி இறக்கியிருந்தது. காதுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "பாய், டிரைவர மெதுவாத்தான் போகச் சொல்லிருக்கேன், பயப்படாம வாங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. அவர் மட்டும் அசையவில்லை.

பேசி முடித்து, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்த பிறகு பேச்சுக் கொடுத்தேன். பெயர் மதார் மைதீன். பாதி ஆயுளைச் சவுதியில் கழித்தவர். விருதுநகரில் பழுது பார்க்க விட்டிருந்த வண்டியை எடுக்கப் போகிறார், அதனால்தான் கையில் ஹெல்மெட். இதுவரை விளங்கிவிட்டது. "நல்லாருக்கே, எங்க வாங்குனது?" என்று நான் கேட்டதுதான் தாமதம், பாலவனத்தம் தாண்டுவதற்குள் ஒரு தீவையும் ஒரு மகளையும் ஒரு டப்பா சீரணியையும் என் மடியில் இறக்கி வைத்துவிட்டார்.

நான் கதை எழுதுகிறவன் என்று அவரிடம் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவனிடம் இவ்வளவு கொடுத்த அந்த மனிதருக்கு என்ன கைம்மாறு செய்வதென்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

பனி விலகாத மலைப்பாதையில் அந்தச் சிவப்பு வண்டி அம்பெனச் சீறி

அடித்துவிட்டேன். நான் அந்தத் தீவுக்குப் போனதில்லை. நான் பார்த்த பெரிய வேகம், பந்தல்குடி டீக்கடையில் நின்றபோது தூத்துக்குடி ரோட்டில் லோடு லாரி ஒன்று என் டீக்குள் புழுதியைத் தூவிவிட்டுப் போனதுதான். அம்பையும் சீற்றத்தையும் அதைப் பார்த்தவர்கள் எழுதட்டும்.

இரண்டாவது தொடக்கம்:

சமீனா பிறந்த அதே மாதத்தில் அவள் அத்தா விமானம் ஏறினார்.

இது நடந்ததுதான். ஆனால் நீங்கள் உட்காருவதற்கு முன்பே கையில் கைக்குட்டையைத் திணிக்கிற வாக்கியம். இதையும் வேண்டாமென்று வைத்தேன்.

[இந்த இடத்தில் நண்பர் ஐயாத்துரை படித்துப் பார்த்தார். "மகளுக்குப் பதிலா மகன்னு மாத்திருங்க. பைக் ரேஸ் பாக்க ஒரு பொம்பளப்புள்ள அத்தாவக் கூட்டிட்டுக் கடல்தாண்டிப் போச்சுன்னா யாரு நம்புவாக?" என்றார். இந்தக் கதையில் நான் துளியும் இட்டுக்கட்டாத விஷயம் அதுதான் என்றேன். அவர் நம்பவில்லை.]

இன்னொரு சிக்கல். எனக்குக் கதை சொன்னவர் அத்தா, அவளைப் பெற்ற அப்பா. ஆனால் எழுத எழுத, என் பேனா மகள் பக்கமே போய் நின்றது. தடுக்கவில்லை. அவள் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

3

சமீனாவுக்கு அத்தா என்பவர் முதலில் ஒரு குரல். சவுதியின் தம்மாமில் அவர் இருந்த கேம்ப்பில், அறையைப் பகிர்ந்துகொண்ட பிலிப்பைன்ஸ்காரருக்கு மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றால் உயிர். அந்தக் கிறுக்கு மதார் மைதீனுக்குத் தொற்றி, போன் வழியாக அருப்புக்கோட்டைக்கு வந்து சேர்ந்தது. பந்தய நாளில் அங்கே அவர் டிவி முன்னால், இங்கே இவள் டிவி முன்னால், இரண்டு பேர் காதிலும் போன்.

"வளைவுல பாரும்மா, முழங்காலு தரையில உரசுது."

"அது அப்பவே உரசி முடிஞ்சுருச்சுத்தா. ஒங்க டிவிதான் லேட்டு."

ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் அவள் தன் கதையைச் சொல்வாள். பள்ளிக்கூடத்துச் சண்டை, காய்ச்சல், பரளச்சி ரோட்டில் மாமா வண்டியை எடுத்து ஓட்டி முட்டி பெயர்ந்தது. அம்மா ஷம்சாத் பேகத்துக்குத் தெரியாததெல்லாம் தம்மாமுக்குத் தெரியும். பிறகு அவள் இன்ஜினியரிங் படித்தாள். சென்னையில் ஒரு பைக் கம்பெனியில் இன்ஜினைச் சோதித்துப் பார்க்கிற வேலைக்குப் போனாள். காதில் போனோடு வளர்ந்த பிள்ளை வேறு எங்கே போகும்?

போன வருஷம் அத்தா ஒரேயடியாக ஊர் வந்துவிட்டார். வந்த பிறகுதான் வேடிக்கை. ஊருக்கே வந்தாச்சு என்று போன் பேச்சு நின்றுபோனது; அவள் சென்னையிலிருந்து வந்து நேருக்கு நேர் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் வாய் திறக்கவில்லை. "சாப்ட்டியாம்மா?" "சாப்ட்டேன்த்தா." அதோடு சரி. அவர் செய்தித்தாளை எடுத்துக்கொள்வார், இவள் போனை எடுத்துக்கொள்வாள். ஷம்சாத் பேகம் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

அந்த நேரம் பார்த்து இத்தாலியில் ஒரு பைக் கம்பெனி சமீனாவை வேலைக்குக் கூப்பிட்டது. அவள் சிறு வயதிலிருந்து ஆசைப்பட்ட கம்பெனி. ஆனால் அத்தாவிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் இப்போதுதான் வந்தீர்கள், நான் கிளம்புகிறேன் என்றா? அவர் முகம் வாடினால் போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். வீட்டில் வைத்துக் கேட்க வாய் வராது. அதனால் இங்கிலாந்துப் பக்கம் இருக்கிற மேன் தீவுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாள், பந்தயம் பார்க்க. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப்போகிற முதல் பந்தயம்.

கேட்பதற்கு மட்டுமல்ல, நன்றி சொல்லவும்தான். நம் வீடுகளில் அந்தச் சொல்லைக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்பதோடு சரி, அத்தாவிடம் நேரில் சொல்கிற வழக்கம் கிடையாது. அதை எப்படித் தொடங்குவது என்று விமானத்தில் முழுக்க யோசித்தாள். அத்தா தூங்கிக்கொண்டே வந்தார்.

4

மேன் தீவில் பந்தயத்துக்கென்று தனி மைதானம் இல்லை. சனங்கள் கடைக்கும் சர்ச்சுக்கும் போகிற ரோட்டையே அடைத்துப் பந்தயம் விடுகிறார்கள். வீட்டு வாசலையும் கல்சுவரையும் உரசுகிற மாதிரி வண்டி போகும். அடைத்துவிட்டால் அடைத்ததுதான். மறுபடி திறக்கிற வரை இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போக முடியாது.

"நம்ம திருச்சுழி ரோட்ட மறிச்சு ரேஸ் விட்டா இப்பிடித்தான் இருக்கும்" என்றார் அத்தா, ஓரத்து மேட்டில் உட்கார்ந்துகொண்டு. "ஆடுகள யாரு புடிச்சுக் கட்டுறதுன்னுதான் தெரியல."

சமீனா சிரித்தாள். ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு அவர் பேசிய முதல் நீளமான பேச்சு அது. சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அவர் பக்கம் திரும்பினாள். கடல்காற்று ஊசியாகக் குத்தியது. காலையில் அவள் வாங்கிக் கொடுத்த ஹெல்மெட்டை அத்தா குரங்குக் குல்லா கணக்காகத் தலையிலேயே மாட்டியிருந்தார், கழற்றினால் காது குளிருகிறதாம். ஹெல்மெட்டிடம் போய் எதைச் சொல்வது?

அதற்குள் அவர் எழுந்து, பைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்தார். சீரணி. ஷம்சாத் பேகம் ஃபாத்திஹா ஓதிக் கொடுத்துவிட்ட பொட்டுக்கடலையும் சீனியும். "அங்க வண்டி ஓட்டுறதும் யாரோ பெத்த புள்ளைகதான். பத்திரமா வீடு சேரணும்னு ஓதிருக்கேன். நிக்கிற சனத்துல ஒருத்தருக்குக்கூட விட்டுப்போகக் கூடாது, பாத்துக்கங்க" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

[விட்டுப்போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணப் பேச்சில்லை. சீரணி கொடுக்கிற இடத்தில் வழியில் போகிறவரைக்கூடக் கூப்பிட்டுக் கையில் வைத்துத்தான் அனுப்புவார்கள். ஒரு கை வெறுங்கையாக இருந்தால் கொடுத்தவருக்கு அன்று சோறு இறங்காது.]

மடக்கு நாற்காலிகளில் பிளாஸ்க்கும் போர்வையுமாக இருந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவரும் கை நீட்டி வாங்கினார்கள். எதற்கு என்று ஒரு பெண்மணி கேட்டார். சமீனா ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் கையிலிருந்ததை வாயில் போட்டுக்கொண்டு இரண்டாவது முறையும் கை நீட்டினார்.

அப்போதுதான் அத்தா நிமிர்ந்து எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். அங்கேயும் சனம். கையில் கொடியோடு காவல் தொண்டர்கள் வேறு, ஆரஞ்சுச் சட்டையில்.

"அத்தா, வேணாம். ரோட்ட அடைக்கப் போறாக."

"இந்தா, வந்துட்டேன்மா."

நம் ஊரில் ரோட்டைக் கடக்கிற மாதிரியே, ஒரு கையை நீட்டிக் காட்டிக்கொண்டு போனார். அந்தப் பக்கம் கடைசி ஆளுக்கும் கொடுத்து முடித்துத் திரும்பியபோது விளக்கு மின்னுகிற கார் ஒன்று கடந்து போனது. ரோடு அடைத்தாகிவிட்டது. ஆரஞ்சுச் சட்டைக்காரர் தோளைத் தொட்டுத் தடுத்தார், சிரித்துக்கொண்டுதான். அவர் வாயில் பொட்டுக்கடலை இருந்தது.

5

பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் சமீனா அத்தனை தூரம் அழைத்து வந்தாள். இப்போது நடுவில் ஒரு ரோடு. அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இவ்வளவு பெரிய உலகத்தில் இந்த மனுசனுக்குச் சீரணி கொடுக்க வேறு நேரம் கிடைக்கவில்லையா?

போன் அடித்தது. அத்தா. எதிர்மேட்டில் உட்கார்ந்து, ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகியிருந்தார்.

"முதல் வண்டி எடுத்துட்டானாம்மா?"

"இன்னும் இல்லத்தா."

"ஒனக்கு வெயிலு எதுக்க அடிக்குது. கொஞ்சம் வலத்த தள்ளி உக்காரு."

அவள் தள்ளி உட்கார்ந்தாள். முதலில் சத்தம்தான் வந்தது, மலைக்கு அந்தப் பக்கமிருந்து. பிறகு வண்டி. வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை, மண்ணெல்லாம் அதிர்ந்தது. "பாத்தியா!" என்று அத்தா கத்தினார். "பாத்தேன்த்தா!" என்று இவளும் கத்தினாள். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் இரண்டு பேரும் பேசத் தொடங்கினார்கள். தம்மாமையும் அருப்புக்கோட்டையையும் போல உட்கார்ந்துகொண்டு, பல மாதத்துப் பேச்சைப் பேசினார்கள். ஆரஞ்சுச் சட்டைக்காரர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

பேச்சோடு பேச்சாக அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அத்தா, இத்தாலியில வேலைக்குக் கூப்புட்ருக்காக. நீங்க சொன்னாத்தான் போவேன்."

ஒரு வண்டி போனது. அதன் பின்னாலேயே இன்னொன்று. எதிரே ஹெல்மெட் மட்டும் தெரிந்தது. அத்தா கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

6

இங்கேதான் பேனா நின்றது. அவர் சொன்ன பதிலை எழுதுவதற்கு முன்னால், நானாக எழுதிப் பார்த்த பதில்களையும் சொல்லிவிடுகிறேன்.

"போகாதம்மா. இப்பத்தான் ஒன்ன நேருல பாக்குறேன்." இப்படிச் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. ஒரு பக்கம் எழுதினேன். ஆனால் சமீனா போனை அணைத்துவிட்டுச் சரி என்று தலையாட்டுகிற இடத்துக்கு மேல் எனக்கே எழுதப் பிடிக்கவில்லை. கிழித்துவிட்டேன்.

"தாராளமா போயிட்டு வா தாயி. ஒங்கத்தா இருக்கேன்." இது மேடையில் நின்று சொல்கிற பதில். கைதட்டு கிடைக்கும். விருதுநகர் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் இப்படிப் பேசுகிறவர் இல்லை.

ஒன்றும் சொல்லாமல்

இதுவும் வேண்டாம். நடந்ததையே எழுதுகிறேன். அத்தா கேட்டது இதுதான்:

"அங்க மணிக்கும் நம்மூரு மணிக்கும் எவ்வளவும்மா வித்தியாசம்?"

"இப்ப மூணரை மணி நேரம்த்தா."

"சவுதி ரெண்டரை." விரல் விட்டு எண்ணினார். "அப்ப ஒரு மணி நேரந்தான் கூட. பேசிக்கிறலாம்."

அவள் அதற்கு ஏதோ சொன்னாள். "வண்டிச் சத்தத்துல கேக்கல தம்பி. திருப்பிக் கேட்டா புள்ளைக்குக் கூச்சமா இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார் என்னிடம். விமானம் முழுக்க யோசித்து வந்த அந்தச் சொல்தான் என்று நான் வைத்துக்கொள்கிறேன். அவள் வாயசைவு அவருக்குத் தெரிந்திருக்கும் என்றும் வைத்துக்கொள்கிறேன். இந்த அளவு சலுகை எனக்குக் கொடுங்கள்.

7

விருதுநகர் நெருங்கியது. "நீங்க கண்ணாடிய ஏன் எறக்குனீக? அழுதீகளா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான், கதைக்கு வேண்டியிருந்தது. அவர் பதில் சொல்ல வாய் திறந்தபோது போன் அடித்தது.

இத்தாலியிலிருந்து மகள். திரையில் அவள் படம், பின்னால் யாருடையதோ சிவப்பு வண்டி. தொடக்கத்தில் கண்டக்டர் கேலி செய்தபோது பேசிக்கொண்டிருந்ததும் இவளோடுதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் ஹெல்மெட்டை மாட்டினார். போனைச் செருகினார்.

"சொல்லும்மா. ஆமா, பஸ்ஸுலதான். இல்ல, எறங்கப் போறேன். நீ சாப்ட்டியா?"

கண்ணாடியை இறக்கிக்கொண்டார். பஸ் நின்றது. எனக்கு ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டு, அதே கையை நீட்டியபடி வண்டிகளுக்கு நடுவே ரோட்டைக் கடக்கத் தொடங்கினார்.

கண்ணாடிக்குள் என்ன முகம் என்று நான் எழுதப்போவதில்லை. எனக்குக் கதை கொடுத்த மனிதர், அவ்வளவு மரியாதையாவது நான் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அந்தத் தடை கிடையாது. தொலைவிலிருந்து உங்களை யாராவது "சாப்ட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருந்தால், அந்த முகம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கண்ணாடியைத் தூக்கிப் பாருங்கள். அவர் இன்னும் ரோட்டைக் கடந்து முடிக்கவில்லை.