மேங் தொக்சூவுக்குக் கோபம் வரவழைத்த கதை

சொம்ஜின் ஆற்றங்கரையில் இருக்கும் முல்கோல் ஊரில், அந்த வருஷம் பார்லி அறுவடை முடிந்ததிலிருந்து எந்த முடிச்சும் அவிழவில்லை. முதலில் அகப்பட்டது ஊர்ப் படிப்பாளி மேங் தொக்சூவின் தொப்பி நாடா. துக்க வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போன குதிரைமயிர்த் தொப்பியோடேயே அவர் அன்று படுத்துத் தூங்கினார். மறுநாள் அவர் மனைவியின் மேற்சட்டை நாடா, அதற்கடுத்து பக்கத்து வீட்டு மாட்டின் மூக்கணாங்கயிறு, பிறகு ஊர் முழுக்க. கத்தியால் அறுத்தால், அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து மறுபடி முடிந்துகொண்டன. படகோட்டி கட்டுத்தறியைப் பிடுங்கிப் படகிலேயே ஏற்றிக்கொண்டு துடுப்புப் போட்டான். கொப்தான் என்பவளின் சாராயக்கடையில் நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து ஒரே பந்தாக எழுந்து வந்தது. ஜனங்கள் அதைக் கொய்யாப் பழம்போலக் கடித்துத் தின்னப் பழகினார்கள். அந்த வருஷம் உப்பு விலை ஏறியிருந்ததால், பேசுவதற்கு ஊருக்கு அந்த விலையே போதுமாயிருந்தது, முடிச்சை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கவலைப்பட்டவள் ஒருத்திதான். தொக்சூவின் மனைவி நம்வோன் ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், அதனால் எல்லோருக்கும் நம்வோன்காரி. வெகுகாலம் கழித்து அவளுக்கு முதல் பிள்ளை தங்கியிருந்தது. அது நாடாக்கள் இறுகுவதற்கு முன்பே தங்கிவிட்டது நல்லதாகப் போயிற்று என்று கொப்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "பாவாடை நாடாவே அவுராத வீட்டுல புள்ள மட்டும் எப்படிம்மா அவுந்து வரும்?"

பியோ வைத்தியரைக் கூப்பிட்டார்கள். அவர் கடையில் மருந்துப் பொட்டலங்கள் நூலால் கட்டப்பட்டு உத்தரத்திலிருந்து தொங்கின. ஒன்றும் அவிழாததால் அவரிடம் மிஞ்சியது தத்துவம் மட்டும்தான். அதை எடுத்துக்கொண்டு வந்தார். நம்வோன்காரியின் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்த்தார். குறை எதுவும் இல்லை. பிறகு சந்தேகப்பட்டுத் தொக்சூவின் மணிக்கட்டைப் பிடித்தார். மண்ணீரலின் நாடி முறுக்கிய வைக்கோல் கயிறுபோல அவர் விரலுக்கடியில் புரண்டது.

"யோசனை மிஞ்சிப்போனா உயிர்க்காத்து முடிச்சு விழும்மா. மத்தவங்களுக்கு உள்ளாற விழும், வயிறு உப்பும், பசிக்காது. இவரு கொஞ்சம் பெரிய யோசனைக்காரரு. வெளியவே விழுது."

தொக்சூ, ஓடைக் குரு என்ற பழைய ஞானியின் வழியில் படித்தவர். ஒரு மனிதனுக்கு இரக்கம் பிறக்கும்போது முதலில் அசைவது அவனுள் இருக்கும் நெறியா, உயிர்க்காற்றா என்று அவர் பார்லி விதைத்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார். நெறிதான் என்பது ஓடைக் குருவின் கட்சி. நெறி அசையவே அசையாது, அசைவதெல்லாம் காற்றே என்பது குன்றுக் குருவின் கட்சி. இதற்காக அரண்மனையில் ஆட்கள் நாடு கடத்தப்பட்டிருக்கிறார்கள்.

"இதுக்கு என்ன மருந்து?" என்றாள் நம்வோன்காரி.

"கோபம்" என்றார் வைத்தியர். மண்ணீரல் பேருக்கேற்றாற்போல் மண், யோசனை குடியிருப்பது அங்கே. கல்லீரல் மரம், அங்கே இருப்பது கோபம். மரத்தின் வேர் மண்ணைப் பிளப்பதுபோலக் கோபம் யோசனையைப் பிளக்கும். உலகம் எப்படியோ உடம்பும் அப்படி. "அடிவயித்துலேருந்து நல்லதா ஒரு கோபம் வந்தாப் போதும்."

நம்வோன்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவருக்கா? சோத்துல கல்லு கிடந்தா, கல்லோட இயல்பு என்னன்னு கேக்கற மனுஷன் வைத்தியரே இவரு!"

இருந்தாலும் ஊர் முயன்று பார்த்தது. கொப்தான் ஒரு குடம் மக்கொல்லி அரிசிக்கள்ளை அவர் தலையில் கவிழ்த்தாள். வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்று நன்றி சொன்னார். சந்தைக்குப் போகும் வழியில் ஆட்கள் நின்று, அரசுத் தேர்வில் தோற்றே நரைத்தவன் என்று கூவினார்கள். தோல்வி தேர்வின் குணமா தன் குணமா என்று அவர் நின்று விசாரிக்க, பக்கத்திலிருந்தவனின் கழுதைக் கயிறு இன்னொரு சுற்று இறுகியது. படகோட்டி அவருடைய முன்னோர்களைப் பற்றி மிகவும் தப்பாக ஒன்று சொன்னான். தொக்சூ கண்ணை மூடிக்கொண்டு, தனக்குள் ஏதோ எழப் பார்க்கிறது, அது நெறியிலிருந்தா காற்றிலிருந்தா என்று கவனித்தார். கவனித்த மாத்திரத்தில் அது அடங்கிப்போனது. திட்டியவன் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போனான்.

நெல் அறுவடையின்போது நம்வோன்காரிக்கு வலி கண்டது. வலி வந்தது, போனது, பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி வெளியே வந்து யார் முகத்தையும் பார்க்காமல் தண்ணீர் குடித்தாள். காகிதக் கதவுக்கு இந்தப் பக்கம் மரத்தளத்தில் தொக்சூவும் பியோ வைத்தியரும் உட்கார்ந்திருந்தார்கள். தொக்சூவின் உதடு வெளுத்திருந்தது.

"ஏங்க" என்று உள்ளேயிருந்து மெலிந்த குரல் வந்தது. "யோசிக்கறத நிறுத்துங்களேன். எனக்கு இறுக்குது."

"எப்படி நிறுத்தறதுன்னுதான்மா யோசிச்சிட்டிருக்கேன்" என்று சொல்லி அவர் அழுதார். உள்ளே அவள் வீரிட்டாள்.

வைத்தியர் அப்போது எந்தத் தந்திரமும் செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தார், பாவம், அவ்வளவுதான். "மனச விட்றாதீங்க ஐயா. நெறி அசையாது, காத்துதான் அசையும்னு உங்க ஓடைக் குருவே சொல்லியிருக்காரு இல்லையா?"

தொக்சூ நிமிர்ந்தார்.

"யாரு சொன்னா?"

"ஓடைக் குரு..."

"அவரா? அவரா சொன்னாரு? அது அந்தக் குன்றுக்காரனோட உளறல்யா! ஓடைக் குரு ஆயுசு பூரா எதை மறுத்தாரோ அதைத் தூக்கி அவர் வாயிலயே வைக்கிறியே, நீயெல்லாம் படிச்சவனா? உனக்கெல்லாம் நாடி புடிக்க யாருய்யா கை குடுத்தா!"

காதுவரை சிவந்து, தளம் அதிர அவர் ஒரு மிதி மிதித்தார். முல்கோலில் இருந்த அத்தனை முடிச்சுகளும் அவிழ்ந்தன. மாடுகள் நடந்து போயின. மூட்டைகளின் வாய் திறந்து நெல் தெருவில் கொட்டியது. படகு தறியை விட்டுத் தனியாகக் கீழ்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆண்களின் உச்சிக்குடுமிகள் சரிந்தன. தீர்ப்புச் சொல்ல எழுந்து நின்ற நீதிபதியின் கால்சட்டை தரைக்கு இறங்கியது, குற்றவாளியின் கால்சட்டையும் இறங்கியதால் வழக்கு தள்ளிப்போடப்பட்டது. கொப்தான் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் மடியில் நூடுல்ஸ் விழுந்தது. உள்ளே பெண் குழந்தை பிறந்தது. பின்னலில்லாத தலையோடு மருத்துவச்சி அதைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள்.

கோபம் முழுசாகத் தணியக் கொஞ்ச நாள் பிடித்தது. அதுவரை ஊரில் எந்த முடிச்சும் தங்கவில்லை, வாசலில் குழந்தைப் பேற்றுக்காகக் கரியும் பைன் கொத்தும் செருகிக் கட்டும் கயிறு நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. மருத்துவச்சி அதை வேலிமேல் சும்மா போட்டுவைத்தாள். ஊரார் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடமாடினார்கள். நம்வோன்காரி பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் கடற்பாசிச் சூப்பைக் குடித்தபடி தன் புருஷனையே வெகுநேரம் பார்த்தாள். அவர் குழந்தையின் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எதையுமே யோசிக்காமல் இருந்தார். கல்யாணமான பிறகு அவரை அப்படிப் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் குழந்தை நடக்கப் பழகியபோது பக்கத்து வீட்டு வாத்து ஒன்று அவளை விரட்டியது. அவள் பயந்து வீரிட்டதும் தெருக் கிணற்றில் தண்ணீர் ஓர் ஆள் ஆழம் கீழே இறங்கியது. பயம் உயிர்க்காற்றைக் கீழே இழுக்கும், அது சிறுநீரகத்தின் நீரைச் சேர்ந்தது என்று விளக்குவதற்காகப் பியோ வைத்தியர் வேகமாக வந்தார். அதற்குள் பெண்கள் வாளிக் கயிற்றை நீட்டிக் கட்டி முடித்திருந்தார்கள். வாத்து அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள்.