குடும்பத்துக்கான பங்கு

எட்மண்ட் கூட்டத்துக்குக் கிளம்பியபோது அவன் மனைவி ஆனி வாசல்வரை வந்தாள். சிங்கப்பூரில், பிடோக்கில் இருந்த அந்த வீட்டின் சின்னக் கூடத்தைக் கடப்பதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. இதய வால்வு கெட்டிருக்கிறது, அடுத்த ஆண்டு அறுவைச் சிகிச்சை செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"என்னோட நெஞ்சைக் காட்டி ஓட்டுக் கேக்காதீங்க," என்றாள். சரி என்று தலையாட்டினான்.

அவன் ஒரு பொதுத்துறை வாரியத்தில் குழாய் பொருத்துபவன். தொழிற்சங்கக் கிளையின் செயலாளரும்கூட. குடும்பத்தாருக்கான மருத்துவக் காப்புறுதிச் சந்தாவை அதுவரை வாரியமே முழுதாகக் கட்டிவந்தது. எண்பத்திரண்டில் புதிய ஒப்பந்தப் பேச்சு வந்தபோது, எல்லாருக்கும் நல்ல சம்பள உயர்வு தருகிறோம், ஆனால் சந்தாவில் பாதிக்குமேல் இனிக் கட்ட மாட்டோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. தனிக்கட்டைகளுக்கு அது லாபம். வீட்டில் நோயாளி இருப்பவனுக்கோ மீதிச் சந்தா அந்த உயர்வை விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். கிளையில் பெரும்பாலோர் கல்யாணமாகாத இளைஞர்கள்.

ஞாயிறு பூசைக்குப் போய் வீடு திரும்பிய பிறகு, சிராங்கூன் சாலையில் ஒரு கடையின் மாடியில் கூட்டம். எட்மண்ட் இரண்டு பக்கத்தையும் ஒரே குரலில் விளக்கினான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். நாக்குநுனிவரை வந்த ஆனியின் பெயரை அடக்கிக்கொண்டு, அவரவர் வீட்டை நினைத்து முடிவு செய்யுங்கள் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தான். வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்றும், அவளைக் கைவிட்டுவிட்டோம் என்றும் மாறிமாறித் தோன்றியது.

நூருல் அமீன் எழுந்தான். உயர்வை வாங்கியே ஆகவேண்டும் என்று கேண்டீனில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தவன் அவன்தான். எட்மண்ட் தரையைப் பார்த்தான்.

"அண்ணே, இந்த லிமிட்டுக்கு ஒருதடவ ஓகே சொல்லிட்டா, அப்புறம் பழசு திரும்பக் கெடைக்குமா?"

"கஷ்டம்."

"இன்னிக்கு நான் சிங்கிள். காலம்பூரா இப்படியேவா இருப்பேன் லா?" சிரிப்பு எழுந்தது. அவன் சிரிக்கவில்லை. "சம்பளம் கொஞ்சம் கம்மியா ஏறட்டும். வீட்ல இருக்கிறவங்கள விட்டுட்டு வர வேணாம். போய் மறுபடியும் பேசுங்க."

அவனே முதலில் கை தூக்கினான். பக்கத்தில் ஒரு கை, ஜன்னலோரம் இரண்டு, பிறகு வரிசை வரிசையாக. எட்மண்ட் எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். எண்ணத் தேவையிருக்கவில்லை. நிர்வாகம் இறங்கி வருமா என்பது வேறு விஷயம். ஆனால் பேசப் போகும்போது இனி அவன் தனியாள் இல்லை.

வெளியே வந்தால், மாடிப்படியின் பாதியில் ஆனி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் டாக்சி பிடித்து வந்திருக்கிறாள்.

"உன்னப்பத்தி ஒரு வார்த்தை சொல்லல," என்றான்.

"கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்," என்று அவன் கையைப் பிடித்து எழுந்தாள்.

அவர்களுக்குப் பின்னால் இளைஞர்கள் தடதடவென்று இறங்கி வந்தார்கள். முன்னால் வந்த நூருல் அமீன் ஆனியைப் பார்த்ததும் கைப்பிடியைப் பிடித்து நின்றான். அவனுக்குப் பின்னால் எல்லாரும் நின்றார்கள். ஆனி ஒரு படி இறங்கினாள், மூச்சு வாங்கிக்கொண்டாள், அடுத்த படி இறங்கினாள். குறுகலான அந்தப் படிக்கட்டு நெடுக, ஒருவரும் முந்தாமல், அவள் நடைக்கே அத்தனைபேரும் இறங்கி வந்தார்கள்.